மறக்கவிடாத மருந்து

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் மிக்கேல் நாசித்தூவியை மூக்கில் வைத்து ஒரு இழு இழுத்தார். முதல் கவளத்தை வாயில் வைப்பதற்குள் மகள் ஜெனிட்டா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்து, "ஃபேனை நிறுத்துங்கப்பா, குளிருது" என்றாள். ஃபேன் ஓடவே இல்லை. அன்று செய்வதறியாமல் அவர் எழுந்துபோய்ச் சும்மா சுவிட்சைத் தட்டியதுவரை அப்படியே மறுபடி நடந்தது.

ஜெனிட்டா இறந்து நாலு வருடமாகிறது. அவருக்கு அது இன்று காலைதான்.

இன்சுலினை ஊசியில் போட்டுக்கொண்ட காலம் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மூக்கில் தூவினால் பாதி மருந்து ரத்தத்தில் கலந்து சர்க்கரையை அடக்கும். மீதி வாசனை நரம்பைப் பிடித்து நேரே மூளைக்கு ஏறும். ஏறிய மருந்து நினைவைக் கெட்டியாக்குகிறது, மங்கிப்போனதையும் துலக்குகிறது என்று தெரிந்தபோது ஊரே கொண்டாடியது. பெண்டாட்டியை யாரென்று கேட்ட கிழவர்கள், கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறத்தைச் சொன்னார்கள். ஊசி மருந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மிக்கேலும் சந்தோஷமாகத்தான் மாறினார். அப்போது ஜெனிட்டா இருந்தாள்.

அவள் போன பிறகு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். "பழைய ஊசி எங்கயாவது கிடைக்குமாம்மா?"

"இப்ப யாரும் செய்யறதில்லையே. ஏன், மூக்கு எரியுதா?"

"இல்லம்மா. மக நெனப்பு."

"துக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஆறிடும்யா. எல்லாருக்கும் ஆறும்."

"மறந்தாத்தானம்மா ஆறும்?"

டாக்டரம்மா அதே மருந்தை எழுதிக் கொடுத்தார்.

தூவாமல் இருந்து பார்த்தார். மகளின் முகம் லேசாகக் கலங்கியதுபோல இருந்தது. அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். மறுநாள் கிரேன் ஏணியடியில் மயங்கி விழுந்தார். கண் விழிக்கும்போது ஒரு நர்ஸ் அவர் மூக்கில் தூவிக்கொண்டிருந்தாள். "இனிமே விட்டுராதீங்கய்யா" என்றாள். அவளுக்குப் பின்னால் ஜெனிட்டா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி புளோராவுக்குச் சர்க்கரை கிடையாது. முதல் வருடம் சுவரில் முட்டிக்கொண்டு அழுதவள், இப்போது மீன்காரியிடம் சண்டை பிடிக்கிறாள், அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிறாள். மிக்கேல் அவளிடம் எதையும் சொன்னதில்லை. வேலை விட்டு வந்தால் அடுப்படிப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஜெனிக்கு நான் தல பின்னி விடுவம்லா? அந்த முடி கையில எப்படி இருக்கும்னு தெரிய மாட்டேங்கு. வீடியோல கொரல் இருக்கு, மூஞ்சி இருக்கு. கையில இருந்தது போயிட்டு."

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். சர்க்கரை இல்லாதவர்களுக்கென்று புதிதாக வந்திருந்த நினைவுத்தூவி.

"வேண்டாம் புளோரா."

"ஒங்களுக்கு மட்டும் அவ வேணும், என்ன?"

மகளை மறக்க ஊசி தேடி அலைந்தேன் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? "அது முடியை மட்டும் கொண்டு வராது" என்று ஆரம்பித்தார். அதற்குள் அவள் இழுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அவள் விரல்கள் தானாக அசைந்தன. காற்றில் மூன்று கால் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பின்னின. அவ்வளவு மலர்ந்த முகத்தை அவர் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. பிறகு விரல்கள் நின்றன. முகம் சுருங்கியது. அவள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கூடப் போக முடியவில்லை, இழுத்து வெளியே கொண்டுவரவும் முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அழுது ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "தினம் இதையா வச்சிக்கிட்டு இருந்தீங்க?"

அவர் தலையாட்டினார். பெட்டியை எடுத்து அலமாரி மேல் வைக்க எழுந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வைக்காதீங்க. எனக்கு எட்டாது. நாளைக்கும் வேணும்."