காலை ஏழரை முதல் பதினொன்று வரை

மொரப்பூரில் நிர்மலாதேவியின் வீட்டு வாசலுக்குப் பூவிழி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. காவல்துறையின் வயர்லெஸ் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மையார் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“மூணு மணிக்குச் சங்கம் கூடுதுங்க மேடம். நான் வெச்ச நெட்டைப் புடுங்கப் போறாங்க. பழுதான பொட்டிய வெச்சு ஏமாத்திட்டேன்னு பேர். அப்புறம் மலையில ஒரு ஊரும் என்னைக் கூப்பிடாதுங்க.”

“உக்காரு. என்ன வெச்ச, எங்க வெச்ச, வரிசையாச் சொல்லு.”

சித்தேரி மலையில் சாமை பயிரிடுவோர் சங்கம் ஒன்றுக்கு அவள் வைஃபை அமைத்துக் கொடுத்திருந்தாள். இணையம் வந்து சேரும் பள்ளிக்கூட மாடியில் ஒரு பெட்டி. அதை வாங்கிக் கடத்த, எதிர் மேட்டில் குடிநீர்த் தொட்டியின் கம்பி மேடையில் ஒரு பெட்டி. செவிலியர் இருக்கும் துணை நிலையத்தில் ஒரு பெட்டி.

“ஊர்க்காரங்க போனுக்கு ரெண்டு புள்ளி நாலு கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை. பொட்டிங்க தங்களுக்குள்ள பேசிக்க, தனியா அஞ்சு கிகாவுல இன்னொரு ரேடியோ. ரெண்டையும் ஒரே ரேடியோவுல போட்டா, கேக்கறதும் அனுப்பறதும் மாத்தி மாத்தி நின்னு வேகம் பாதியாயிடும். அதான் அப்படி வெச்சேன். மொத நாலு நாளு அருமையா ஓடுச்சு. இப்ப தெனமும் காலைல ஏழரைக்குச் சாவுது. பதினொண்ணுக்குத் தானா உயிர் வருது. நர்ஸ் அக்கா டாக்டர்கிட்ட வீடியோவுல பேசற நேரமே அதுதாங்க.”

“போன்ல வைஃபை காட்டுதா?”

“முழுசாக் காட்டுது. நெட்டு மட்டும் இல்ல. கடத்தூர் கேபிள்காரர் நவநீதன், மலைக்கு அஞ்சு கிகா ஆவாது, மரம் மறைச்சிடும்னு சொல்லி, ஒத்தை ரேடியோ பொட்டியோட வந்து உக்காந்துட்டாருங்க.”

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராஜாமணி, நிர்மலாதேவியின் நிழல்போல் எப்போதும் உடனிருப்பவர். அவர் துள்ளி எழுந்தார். “அவன்தான் மேடம்! தொட்டி மேல ஏறி என்னமோ பண்ணிருக்கான்!”

“மொதல்ல வண்டிய எடுங்க. ஆளை அங்க போய்ப் புடிப்போம்.”

வண்டி மலையேறும் வரையில் நிர்மலாதேவி, பூவிழி அச்சிட்டு வந்திருந்த இணைப்புப் பதிவேட்டை வரிவரியாகப் படித்தார். முதல் நான்கு நாள்களை விட்டால், மூன்று வாரங்களில் இரண்டு நாள்கள் மட்டும் இணைப்பு ஒரு நொடியும் அறுபடவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் கடந்திருந்தது. இணைப்பு குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. பழுதைக் காட்டவும் வழியில்லையே என்று பூவிழி கலங்கினாள்.

சங்கத் தலைவி பெரியம்மாளிடம் அந்த இரண்டு தேதிகளையும் நிர்மலாதேவி காட்டினார்.

“அந்த ரெண்டு நாளும் மலை முழுக்கக் கரண்டே இல்லீங்களே! மாவாட்ட முடியாம நான் பட்ட பாடு! இந்தப் பொட்டிங்க மட்டும் சோலார்ல ஓடுச்சு.”

“தொட்டி மேல யார் யார் ஏறுவாங்க?”

“குடிக்கிற தண்ணிங்க. தொட்டிக்காரர் சின்னராஜைத் தவுர ஒருத்தரும் ஏறக் கூடாதுன்னு ஊர்க் கட்டு. பொட்டி மாட்டின அன்னிக்கு மட்டும் இந்தப் பொண்ணை வுட்டோம். அப்புறம் அதுவும் கீழ நின்னு லைட்டைப் பாத்துட்டுப் போவும்.”

பெரியம்மாளின் அனுமதியோடு, காலணிகளைக் கழற்றிவிட்டு, நிர்மலாதேவி ஏணியில் ஏறினார். கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி இரும்புக் கைப்பிடிக் கம்பி ஓடியது. பெட்டியின் பிடிப்பைத் தளர்த்திப் பார்த்தார். அதற்கும் கம்பிக்கும் இடையே வெள்ளைத் தூள் கெட்டித்திருந்தது. அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி, தொட்டியின் மூடிக்கு அருகே, கம்பியில் வண்ணம் தேய்ந்த தடம் ஒன்று தெரிந்தது. பிடிப்பை முன்போல் முடுக்கிவிட்டு இறங்கினார்.

மணி இரண்டே கால். சங்கத்தார் தொட்டியடியில் கூடத் தொடங்கிவிட்டார்கள். நவநீதன் தம் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

“மோட்டாரைப் போடுங்க” என்றார் நிர்மலாதேவி.

சின்னராஜ் அசையவில்லை. “இப்ப எதுக்குங்க? காலைல நெறச்சதே போதுமே...”

“போடுய்யா, சொல்றாங்கல்ல” என்றார் பெரியம்மாள்.

மோட்டார் உறுமியது. பூவிழியின் கைப்பேசியில், பள்ளிக்கூடப் பெட்டிக்கும் தொட்டிப் பெட்டிக்கும் இடையேயான சிக்னல் நூற்றுக்கு எண்பது. பத்து நிமிடங்கள் கழிந்தன; எண்பது. கூட்டத்தில் யாரோ சிரித்தார். இருபதாவது நிமிடத்தில் அறுபத்தொன்று. பிறகு முப்பத்து நான்கு. தொட்டி வழிந்து தரையை நனைத்தபோது, எண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டுமே நின்றது.

“பாத்தீங்களா! அஞ்சு கிகா ஆவாதுன்னேனே!” நவநீதன் எழுந்தார்.

“மரம் மறைக்குதுன்னுதானே சொன்னீங்க? உங்க மரத்துக்குக் காலைல மட்டும் எலை மொளைக்குதா?” என்றார் நிர்மலாதேவி.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“காலிப் பிளாஸ்டிக் தொட்டிய ரேடியோ அலை தாண்டிடும். தண்ணி நெறஞ்சா தாண்டாது. தண்ணி அதை முழுங்கிடும். ரெண்டு புள்ளி நாலு வெச்சிருந்தாலும் இதே கதிதான். ஏழரைக்குத் தொட்டி நெறையுது. பதினொண்ணுக்குள்ள ஊரு பாதித் தண்ணியப் புடிச்சிடுது. கரண்ட் இல்லாத நாள்ல மோட்டார் ஓடல, இணைப்பும் அறுபடல. பூவிழி வெச்ச எடம் மூடிக்குப் பக்கத்துல. அங்கிருந்து பள்ளிக்கூடம் நேராத் தெரியும். இப்ப பொட்டி இருக்கறது ரெண்டு முழம் தள்ளி. குறுக்கால தொட்டி நிக்குது.”

“அப்ப நகத்துனது யாரு?” ராஜாமணியால் பொறுக்க முடியவில்லை.

“பிடிப்புக்கு அடியில பிளீச்சிங் பவுடர். அது கம்பியில சிந்தின பெறகுதான் பிடிப்பை அங்க முடுக்கிருக்காங்க. பொட்டி மாட்டின அஞ்சாம் நாள் தொட்டி கழுவினது யாருங்க?”

எல்லாருடைய பார்வையும் சின்னராஜ் பக்கம் திரும்பியது.

“மூடிக்குள்ள எறங்க முடியலீங்க. தோளு இடிச்சுது. கொஞ்சம் தள்ளி மாட்டினேன். பச்சை லைட்டு எரிஞ்சுது, போன்லயும் நெட்டு வந்துச்சு... கழுவின தொட்டி அப்ப காலிதானே. அப்புறம் இவ்ளோ பேச்சு ஆவவும், சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிட்டேன்.”

“ஒரு பொண்ணு பேரைக் கெடுத்துட்டு வாயை மூடிக்கினியா?” என்று பெரியம்மாள் அதட்டினார். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பொட்டிங்க இருக்கட்டும். இவ பேரை இனி எவனும் தப்பாப் பேசக் கூடாது. நவநீதா, நீ உன் சாமானை எடுத்துக்கோ.”

பூவிழி கண்களைத் துடைத்துக்கொண்டாள். நிர்மலாதேவி அவள் அருகில் வந்து, மற்றவர்க்குக் கேட்காத குரலில் சொன்னார்: “உன் பொட்டி சரி. அலைவரிசை சரி. ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை அந்த மூடிக்குள்ள எறங்கற ஆளுகிட்ட, அங்க மாட்டலாமான்னு நீ கேக்கல.”

பூவிழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னராஜின் முன்னால் போனாள்.

“அண்ணா, பள்ளிக்கூடமும் தெரியணும், உங்க தோளும் இடிக்கக் கூடாது. எங்க மாட்டலாம், நீங்களே சொல்லுங்க.”

சின்னராஜ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்பேனரைத் தேடிக்கொண்டு நடந்தார்.