இறவாரத்தில் ஒரு கிளாஸ்

பகல் ஒன்றே முக்கால் மணிக்கு, சைத்தூன் பீவியின் ஓட்டல் கொல்லையில், கை கழுவும் தொட்டிக்கடியில் வைரக்கண்ணு செத்துக் கிடந்தான். முன்கட்டில் பாதி இலைகளில் சோறு அப்படியே இருந்தது. சாப்பிட்டவர்கள் கையைக்கூடக் கழுவாமல் ஓடியிருந்தார்கள்.

தஞ்சாவூர்க் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்த ஓட்டல் அது. எதிர்ச்சுவரில், ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று எழுதியிருந்த உதயசூரியன் நாலு மழைக்கு வெளுத்துப்போயிருந்தது. புருஷன் போன பிறகு பீவிதான் கல்லாவில். வக்கீல் குமாஸ்தாவும் வண்டிக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தினுசு கிளாசில் டீ குடிக்கிற இடம். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

மத்தியானம் வைரக்கண்ணு வந்து நின்றது அவள் கண்ணிலேயே இருந்தது. தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ளே வரலாங்களா?"

"வராம? சோத்தை ரோட்டுலயா போடுவாங்க? வா வாப்பா."

கூட வந்தவன் அவன் மச்சினன் செல்லதுரை. அவன் கேட்கவில்லை, பேன்ட் போட்ட கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அறுவடைத் தகராறில் ஒரு கூலியாளைப் பண்ணையார் வெட்டச் சொன்னதைப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். மூன்று மணிக்குக் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் வைரக்கண்ணு தன் இலையைத் தானே சுருட்டித் தூக்கப் போனான். சர்வர் அல்லா பிச்சை அதைப் பிடுங்கிக்கொண்டு, கல்லாவிலிருந்த பீவியைக் காட்டினான்.

"இதையும் நீங்களே எடுத்தா ராத்தா எனக்கு எதுக்குண்ணே சம்பளம் குடுக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். வைரக்கண்ணுவும் சிரித்தான். அது நடந்து முக்கால் மணி நேரம் ஆகவில்லை.

பீவி ஒரு வேட்டியைக் கொண்டுவந்து அவன்மேல் போர்த்தினாள். வாயோரம் நுரை, வயலுக்கு அடிக்கிற மருந்தின் வாடை. உதடெல்லாம் சிவப்பு.

"வலிப்புல நாக்கைக் கடிச்சிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர் நாகநாதன்.

பீவி குனிந்து பார்த்தாள். வேட்டியை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

விசாரணை அங்கேயே நடந்தது. இறந்தவன் மடியில் கோர்ட் சம்மன், ஒரு பஸ் டிக்கெட். வேறொன்றும் இல்லை.

"என்ன சாப்பிட்டீங்க?"

"மீன் குழம்புச் சோறுங்க," என்றான் செல்லதுரை. "ரெண்டு பேருக்கும் ஒரே வாளியிலேர்ந்துதான் ஊத்தினாங்க."

"அப்புறம்?"

"மச்சான் மட்டும் டீ குடிச்சாரு. நான் வேணாம்னுட்டேன்."

"அந்த கிளாஸ் எங்கே?"

"சர்வர் எடுத்துட்டு வந்தான். இங்கே கழுவி, அதோ அந்த இறவாரத்துல செருகினான். என் கண்ணால பார்த்தேங்க."

தொட்டிக்கு மேலே ஒரு கீற்றுச் சார்ப்பு இறங்கியிருந்தது. கான்ஸ்டபிள் கையை விட்டுத் துழாவினார். ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஒரு கிளாஸ். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. மற்ற கிளாசெல்லாம் சமையல்கட்டு அண்டாவில் எச்சிலோடு கிடந்தன.

"கழுவினது ஒண்ணே ஒண்ணு. அதையும் ஒளிச்சு வச்சிருக்கே. நேத்து பண்ணையாரோட கார்யஸ்தன் இங்கே சாப்பிட்டானாமே? என்னடா குடுத்தான்?" என்றார் நாகநாதன் அல்லா பிச்சையிடம்.

அல்லா பிச்சை வாய் திறப்பதற்குள் அறை விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டான்.

"ராத்தா, நான் கொல்லைப்பக்கமே வரல ராத்தா!"

விலங்கு மாட்டினார்கள். பீவி அந்த இறவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்லதுரை பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்க ஊர் டீக்கடையில உங்க தெரு ஆளுங்களுக்குன்னு தனி கிளாஸ் உண்டுல்ல? அது எங்கே இருக்கும்?"

செல்லதுரையின் கண் இறவாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"பீவிம்மா, இதென்ன நேரங்கெட்ட கேள்வி?" என்றார் நாகநாதன்.

"என் கடைக்கு வர்றவங்க சொல்லிக் கேட்டிருக்கேன் அய்யா. வெளியிலயே நின்னு குடிக்கணும், அவங்களே கழுவணும், கழுவினதை இறவாரத்துல செருகிட்டுப் போகணும். எங்க அல்லா பிச்சை டவுன்ல பொறந்தவன். அவனுக்கு அண்டா தெரியும், இறவாரம் தெரியாது. இது ஒளிச்சு வச்சதில்லை. அந்த மனுஷன் குடிச்சிட்டு, ஆயுசு பூரா வச்ச எடத்துல வச்சிருக்காரு."

நாகநாதன் அந்தக் கிளாசை வாங்கிப் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியாது, ஒளிச்சதுன்னு நெனைச்சீங்க. இந்தத் தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சும் சர்வர் செருகினதைக் கண்ணால பார்த்தேன்னு ஏன் சொல்லணும்? நம்ம கண்ணு டீயிலேயே நிக்கணும்னுதானே? வாயில இருக்கிறது ரத்தமில்லை அய்யா, வெத்திலைச் சிவப்பு. கடைவாயில பாக்கு ஒட்டியிருக்கு. இங்கே வெத்திலை விக்கிறதில்லை. அவரு மடியிலயும் பொட்டலமில்லை. அப்ப யாரு குடுத்தா?"

நாகநாதன் செல்லதுரையின் பேன்ட் பையில் கைவிட்டார். வாழைச்சருகில் மடித்த ஒரு வெற்றிலைச் சுருள் வந்தது. புகையிலை நெடி. அதையும் மீறி அந்த மருந்து வாடை.

"ஒண்ணு மிச்சமிருக்கே. போட்டுக்க," என்று நீட்டினார்.

செல்லதுரை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மூணு மா நிலங்க," என்றான் மெதுவாக. "குத்தகைப் பதிவுல என் பேரைப் போட்டுடறேன்னாரு. நான் பேச்சை மாத்திக்கலாம், மச்சான் மாத்த மாட்டாரு. சங்கத்துக் கொடியைப் பிடிச்சுக்கிட்டே என்னிக்காவது வெட்டுப்பட்டுச் சாகத்தான் போறாரு. நான் ஒருத்தனாச்சும் சொந்தமா உழுது சாப்பிடலாம்னு..."

"யாரு சொன்னா?"

பண்ணையார் பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். நாகநாதன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதை அப்புறம் எழுதிக்கலாம்."

அப்புறம் யாரும் எழுதவில்லை. மூன்று மணிக்கு வழக்கைத் தள்ளிவைத்தார்கள். இருந்ததே இரண்டு சாட்சி. ஒருவன் பிணவறையில், ஒருவன் லாக்கப்பில். பண்ணையார் கார் சந்துமுனையில் ஆரன் அடித்து வழி கேட்டுக்கொண்டு போயிற்று.

சாயந்திரம் வைரக்கண்ணுவின் பெண்டாட்டி பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். விஷயம் பாதிதான் அவள் காதுக்கு வந்திருந்தது.

"என் தம்பி எங்கேம்மா? அவனை நம்பித்தானே அனுப்புனேன். அவனுக்கும் ஏதாச்சும் பண்ணிட்டானுங்களா?"

பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

மறுநாளும் உலை வைத்துத்தான் ஆகவேண்டும். அல்லா பிச்சை இடது காது கேட்காமல், கூப்பிட்டதற்கெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பரிமாறினான். கோர்ட்டுக்கு வந்த கிராமத்துக் கூட்டம் தின்று, டீ குடித்துப் போனபின் பீவி கொல்லைப்பக்கம் போனாள். எதற்கென்று தெரியாமல் இறவாரத்துக்குள் கையை விட்டாள்.

ஈரமாய் ஒரு கிளாஸ் தட்டுப்பட்டது.

அடுத்த மூங்கிலிடுக்கில் இன்னொன்று.