வெள்ளைத்தாள் அத்தியாயம்

1961 நவம்பர். வியாழக்கிழமை, காலை ஏழு மணி.

சுந்தராம்பாள் கட்டிலில் சாய்ந்தபடியே இறந்திருந்தாள். தூங்குகிற முகம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டி. கரி முழுக்க எரிந்து சாம்பலாகியிருந்தது. அறைக்கு இருந்த ஒரே ஜன்னலை யாரோ இறுகச் சாத்தி, உள்ளே கொக்கி போட்டிருந்தார்கள்.

வேலைக்காரி சின்னத்தாயி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தவள் கித்தேரியம்மாள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். செத்துக் கிடந்தவளுக்கு உயிர்த் தோழி. கையைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கொடைக்கானலில் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைக்காத வீடு உண்டா? ஆனால் ஜன்னலில் ஒரு சாண் திறப்பு விட்டுத்தான் வைப்பார்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதிலும் சுந்தராம்பாள் நுரையீரல் நோயாளி. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நாலடி நடக்கமாட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஞானவேல் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"நேத்து கடைசியா இங்க இருந்தது யாரு?"

"நான்தான் ஐயா. கணப்பை வச்சிட்டுப் பொழுது சாயுமுன்ன பேத்துப்பாறையில எங்க வீட்டுக்குப் போயிட்டேன்" என்றாள் சின்னத்தாயி.

"சாரல் அடிச்சிச்சு. ஜன்னலைச் சாத்துனே. தொறக்க மறந்துட்டே."

"இல்லைங்க ஐயா! கட்டையை அண்டக் குடுத்துட்டுத்தான் போனேன். எம் பிள்ளை மேல சத்தியம்."

ஜன்னலுக்கு அண்டக் கொடுக்கும் அந்தக் கட்டை, விளிம்பின் ஓரத்தில் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஞானவேல் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அந்தம்மாவா எந்திரிச்சு வந்து சாத்தும்? நட ஸ்டேஷனுக்கு."

சின்னத்தாயிக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. மாமியார்க்காரி அதைத் தூக்கிக்கொண்டு பேத்துப்பாறையிலிருந்து நடந்து வந்து, ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பால் கொடுக்க வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. கேஸ் கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளையின் கதி?

கித்தேரியம்மாள் மறுபடி அறைக்குள் வந்தாள். அப்போதுதான் கம்பளியின் மேல் கவிழ்ந்து கிடந்த பழைய வாரப் பத்திரிகை அவள் கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது என்ன பத்திரிகை என்று சொல்ல வேண்டுமானால், அந்த வீட்டின் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் அங்கே கூடுவார்கள். சுந்தராம்பாள், கித்தேரியம்மாள், பள்ளிக்கூடத்து தமயந்தி டீச்சர், சுந்தராம்பாளின் கொழுந்தன் சேனாதிபதி. பழனிக் கோயில் ஊழியக் குடும்பத்துப் பிள்ளையான சேனாதிபதி, அண்ணனை நம்பி மலையேறி வந்து பஜாரில் கடை போட்டவர். அவரவர் படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றி அவரவர் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறுத்துப் பேசலாம். காபி ஆறும், சண்டை ஆறாது.

அதிகம் சண்டை போட்டது ஒரு தொடர்கதைக்காக. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம். ஆனால் ஒரு வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயம் போயிற்று. பைண்டர் அந்த இடத்தில் நாலு வெள்ளைத்தாளை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

கதையில் வேதவல்லி என்று ஒருத்தி. அவளை அண்ணன்காரன் மழை ராத்திரியில் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறான். கடைசியில் அவன் கண்ணிழந்து அவள் வாசலுக்கே வருகிறான். அவள் உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். ஏன்?

"அந்த வெள்ளைத்தாள்லதான் இருக்கு. காரணம் இல்லாம ஒருத்தி சோறு போடமாட்டா" என்பாள் சுந்தராம்பாள்.

"ஒண்ணும் இருக்காது மதினி. அவ ஒரு மடச்சி. நானா இருந்தா நாயை ஏவி விட்டிருப்பேன்" என்பார் சேனாதிபதி. இரண்டு வருடமாக இதே பேச்சு.

அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயம் வந்த பத்திரிகைதான் கம்பளி மேல் கிடந்தது. மதுரையில் இருக்கிற தம்பியிடம் சொல்லி, பழைய பேப்பர் கடையெல்லாம் தேடச் சொன்னவள் கித்தேரியம்மாளே. புதன்கிழமை சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கொண்டுவந்து சுந்தராம்பாள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. விஷயம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் எடுத்து நீட்டலாம் என்று சிறுபிள்ளைகள்போல ஆசைப்பட்டார்கள்.

பத்திரிகை அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் விரிந்து கவிழ்ந்திருந்தது. அப்படியானால் வாசித்திருக்கிறார்கள். யார் வாசித்தது?

சுந்தராம்பாளின் மூக்குக்கண்ணாடி உடைந்து, ரிப்பேருக்கு மலையிறங்கி நாலு நாள் ஆகிறது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து என்பது எறும்பு வரிசை. சின்னத்தாயிக்கோ படிப்பே கிடையாது.

கித்தேரியம்மாள் நின்றவாக்கிலேயே அந்த அத்தியாயத்தை வாசித்தாள். சொத்துக்காகப் பெரியப்பன் மக்கள் வைக்கோற்போருக்குப் பின்னால் அரிவாளோடு ஒளிந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அது தெரிந்துவிடுகிறது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. தங்கையைக் காப்பாற்றத்தான் முடியைப் பிடித்துக் கொல்லைப்பக்கமாக விரட்டுகிறான். அவ்வளவுதான் காரணம். பத்திரிகையை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டவள், ஞானவேலிடம் மட்டும் காட்டினாள்.

"புதன்கிழமை யாரோ வந்து வாசிச்சுக் காட்டியிருக்காங்க. இது வந்த சேதியை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"உங்க பேச்சுக்குப் பொறுக்கேன் நர்ஸம்மா. அதுக்கு மேல ஏலாது."

தமயந்தி டீச்சரிடம் கேட்டாள். புதன்கிழமை ஸ்கூலில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன் என்றாள். சேனாதிபதியிடம் கேட்டாள்.

"கடைச் சோலி நர்ஸம்மா. போன சனிக்கிழமை பார்த்ததுதான் மதினியை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை. அன்றைக்குத்தான் சுந்தராம்பாள், இந்த வீட்டை ஊருக்குப் படிப்பகமாக எழுதிவைக்கப் போகிறேன் என்று சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். சேனாதிபதியும் தட்டினார். வீடு, காலமாகிவிட்ட அவர் அண்ணன் கட்டியது. மதினிக்குப் பிள்ளையும் கிடையாது.

சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி.

வழக்கமான நாற்காலிகளைக் கித்தேரியம்மாளே போட்டாள். காலியாக ஒன்று. வாசலருகே, துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஞானவேல். பைண்டு புத்தகம் மேஜையில் இருந்தது.

"சுந்தரத்துக்குப் பிடிச்ச கதையைப் பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவோம். அவளுக்கு அதுதான் காரியம்."

தமயந்தி தொடங்கினாள். "எனக்கு இன்னும் மனசு ஆறலைங்க. அவ்வளவு பண்ணுன அண்ணனுக்கு வேதவல்லி எதுக்கு எலை போடணும்? சேனாதிபதி சார் சொல்றதுதான் சரி. மடச்சி."

சேனாதிபதி தரையைப் பார்த்தபடி இருந்தார். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பாவம் அவ."

"என்ன சார், கட்சி மாறிட்டீங்க? ரெண்டு வருஷமா நாயை ஏவி விட்டீங்களே!"

"சாவு விழுந்த வீட்ல எதுக்குச் சண்டை... அவ சோறு போட்டது தப்பில்லை. அவ்வளவுதான்."

"தப்பில்லையா? மழையில பொம்பளையைத் தள்ளுனவன் மனுசனா?"

மறுத்துப் பேசிப் பேசியே பழகிய நாக்கு அது. அடங்கவில்லை.

"தள்ளாம என்ன செய்வான்? வைக்கப்போருக்குப் பின்னால அருவாளோட நின்னாங்கள்ல பெரியப்பன் மக்க! நின்னு வெளக்கஞ் சொன்னா அவ பொணமால்ல கெடப்பா?"

தமயந்தி திகைத்தாள். "எந்த அருவா? எந்தப் பெரியப்பன் மக்க?"

கித்தேரியம்மாள் புத்தகத்தைத் திறந்து, நாலு வெள்ளைத்தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். பிறகு முந்தானையிலிருந்து பத்திரிகையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

சேனாதிபதியின் முகம் சாம்பலாயிற்று.

"இது புதன்கிழமை சாயங்கால பஸ்ஸுல வந்துச்சு. அவகிட்ட கண்ணாடி கெடையாது. நீங்கதான் வாசிச்சுக் காட்டுனீங்க. அவளே படிச்சான்னு நாங்க நினைக்கட்டும்னு பத்திரிகையை விட்டுட்டுப் போனீங்க. கண்ணாடி மலையிறங்குனது மறந்துபோச்சு. கட்டையை எடுத்து ஓரமா வச்சு, ஜன்னலைச் சாத்தி, கரியைக் கொட்டிட்டு வந்தீங்க. வாயை அடக்கிக்கிட்டு இருந்திருக்கலாம் நீங்க. ஆனா வாசிச்ச ஒண்ணை வாசிக்காதவன் மாதிரி யாராலயும் பேச முடியாது அண்ணே. எங்களுக்கு எது இன்னும் வெள்ளைத்தாள்னு உங்களுக்கு மறந்துபோச்சு."

ஞானவேல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். சேனாதிபதி மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வீட்டைப் பத்திப் பேசத்தான் போனேன். எங்கண்ணன் கட்டுன வீடு... மதினி என்னைப் பார்த்ததும், 'நல்ல வேளை வந்தே, வாசி'ன்னாங்க."

கித்தேரியம்மாளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அவ கடைசி வரைக்கும் கேட்டாளா?"

"இல்லை. காய்ச்சல் அசதி. பாதியிலேயே தூங்கிட்டாங்க."

"மிச்சம்?"

"எனக்காக வாசிச்சேன்." அவர் பத்திரிகையைப் பார்த்தார். "அழுதேன் நர்ஸம்மா. அந்த அண்ணனை நெனச்சு அழுதேன்."

"அழுதுட்டுமா ஜன்னலைச் சாத்துனீங்க?"

"ஆமா."

புத்தகத்துக்காக அழுகிறவர்கள் பொல்லாதவர்களாக இருக்கமாட்டார்கள் என்று கித்தேரியம்மாள் நம்பியிருந்தாள். நாலு நாற்காலியும் காபியும் சண்டையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நடந்தன. தமயந்தி சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனாள். அவள் இனி வரமாட்டாள். வீடும் இனி யாருக்கோ.

இருட்டுவதற்குள் சின்னத்தாயியை விட்டுவிட்டார்கள். அவள் நேராக இங்கேதான் வந்தாள். மேஜையில் கிடந்த பத்திரிகையைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"இதை யாரு படிச்சாங்கன்னு தெரிஞ்சுதான் என்னைய விட்டாங்கன்னு ஏட்டையா சொன்னாரு. அப்படி என்னதாம்மா இருக்கு அந்தக் கதையில?"

கித்தேரியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். மேகம் ஒரு சாண் திறப்பின் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லை தாயி. வெரசாப் போ. பிள்ளை பசியில கெடக்கும்."