மைக்கில் றெஜி கேட்டது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் லிப்ட் வேலை செய்தால் அது போன பிறவியில் செய்த புண்ணியம். உஷாந்தி நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது பிரியந்தன் கதவைத் திறந்தான். கறுப்புச் சட்டை, கலங்கிய கண். அவன் நடத்தும் றொக் இசைக்குழுவின் பாடகி றெஜி, மேடையிலேயே கறண்ட் அடித்துச் செத்து மாதக்கணக்காகிவிட்டது. அந்தக் கடைசி நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைத்தான் அவள் நினைவாக வெளியிடப் போகிறான்.

“நீங்கள் அவவின்ர பெரிய ரசிகை. கேட்டுப்போட்டு நாலு வரி எழுதித் தாங்கோ. மழைக்க வெறுங்காலோட நிண்டது அவவின்ர பிழை எண்டதையும் எழுதினா நல்லம்.”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். உஷாந்திக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் றெஜியின் குரலை மறுபடி கேட்கும் ஆசை அவளைச் சோபாவில் உட்கார வைத்தது.

ஸ்பீக்கரில் முதலில் மழை. பிறகு கிட்டார் உறுமியது, ட்ரம் நெஞ்சுக்குள் இடித்தது. அதற்கு மேலே, கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பாடிப் பழகிய அந்தத் தடித்த குரல். முன்வரிசையில் நனைந்தபடி தானும் கூடப் பாடிய அந்த மாலை உஷாந்திக்கு அப்படியே திரும்பி வந்தது. அழுகையும் வந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு நடுவே றெஜி மூச்சு வாங்கினாள்.

“பிரியந்தன், மைக்கில கறண்ட் அடிக்குது. பிறக்டிஸிலயும் சொன்னனான். கேக்குதோ?”

அன்று இரைச்சலில் கடைசிச் சொல் மட்டுமே கூட்டத்தின் காதில் விழுந்திருந்தது. பாடகர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே என்று எல்லாரும் “ஓம்” என்று கத்தினார்கள். அதற்குள் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

“ஓம் அக்கா, பாடுங்கோ.”

அது உஷாந்தியின் குரல்.

பிரியந்தனின் முகம் வெளிறிவிட்டது. “அந்தத் துண்டை நான் வெட்டிப்போட்டனே,” என்று முணுமுணுத்தான்.

“அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே பாட விட்டனீங்கள்.”

“சனம் நிறைஞ்சுபோச்சு. எப்பிடி நிப்பாட்டுறது?”

மின்விசிறி நின்றது. ஒழுங்கை முழுக்கக் கறண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் அடங்கியது.

ஸ்பீக்கர் அடங்கவில்லை.

“பிரியந்தன். கேக்குதோ?”

ஈரத் துணியும் கருகிய மயிரும் சேர்ந்த மணம் அறைக்குள் ஏறியது.

அவன் பாய்ந்து போய் ஸ்பீக்கரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

வயர் வந்தது.

கை அதை விடவில்லை.

உடம்பு உதறியது, பல் கிட்டியது. “ஓம்... ஓம்...” என்று பல்லுக்குள்ளால் முனகியபடியே சரிந்தான்.

கறண்ட் அடித்த சாவு என்றார் வைத்தியர். கறண்டே இல்லாத வீட்டில் எப்படி என்று பொலிஸ்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டார். உஷாந்தி அழுதாள், அவ்வளவுதான்.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நல்ல வெயில். ஓட்டோவில் ஏறியதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வினை விதைத்தவன் வினை அறுத்தான், கணக்கு முடிந்தது என்று நினைத்தாள். றெஜியின் பிழை எதுவுமில்லை என்று உலகத்துக்கு எழுதுவதற்காகப் போனை எடுத்தாள்.

போனுக்குள் மழை பெய்தது.

“ஓம் அக்கா, பாடுங்கோ.”

அவளுடைய குரலேதான். அதன் பின், காதோடு காதாக, றெஜி.

“நான் பாடினனான், தங்கச்சி. இனி நீங்கள் பாடுங்கோ.”

உஷாந்தி போனை வீதியில் எறியப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை.