மகா கண்ணை எடுக்கவில்லை

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் மகாவின் வீடு. அப்பா ராமர் மாநகராட்சியில் வேலை பார்த்தார். அம்மா பேச்சியம்மாள் பண்டகசாலையில் சுக்கைத் தரம் பிரித்து மூட்டை கட்டுவாள். ஆறாம் வகுப்பு படித்த மகாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் பள்ளியின் இயற்கை மன்றம் ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்திருந்தது. படகில் கரை மறையும் தூரம் போய், திமிங்கலச் சுறாவோடு சேர்ந்து நீந்திவிட்டு, சாயங்காலம் திரும்பி வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். பள்ளி நீச்சல் போட்டியில் மகாவை முந்த ஆள் இல்லை என்பதால் அவள் பெயரைச் சுமா டீச்சர் முதலிலேயே சேர்த்துவிட்டார். இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில்.

சுறா என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளையைச் சுறாவிடம் அனுப்ப அவளுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

மகா பொறுமையாக விளக்கினாள். அது பேருந்து நீளம் இருக்கும். ஆனால் யாரையும் கடிக்காது. கடல் தண்ணீரில் மிதக்கும் பொடிப்பொடி உயிர்களை வடிகட்டித் தின்கிற சாது அது. சுமா டீச்சரும் வீடு தேடி வந்து, சாயா குடித்துக்கொண்டே அதையே சொன்னார். அப்பா சரி என்றார். அம்மாவும் கடைசியில் சரி என்றாள். ஆனால் முகம் மட்டும் சரி என்று சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலையில் அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

புதுத் தண்ணீர் எதுவானாலும் அதற்கு மஞ்சள் குங்குமம் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது பேச்சியம்மாள் வீட்டு வழக்கம். ஆறு, குளம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். சந்துக்கு மாநகராட்சிக் குழாய் வந்தபோது அதற்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் குடத்தை நீட்டினாள். குழாய்க்கே அப்படி என்றால் கடலைச் சும்மா விடுவாளா?

மஞ்சள் கிழங்கு, குங்குமம், வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் தாளில் மடித்து, ஈரம் பட்டுக் குங்குமம் கரைந்துவிடக் கூடாதே என்று ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டிருந்தாள்.

"ஏட்டி, கடல்ல காலை வைக்கதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுக் கடலம்மைக்குக் குடுத்திரணும். குடுக்காம எறங்குனா இங்க என் உசுரு என்கிட்ட இருக்காது, பாத்துக்க."

மகா அம்மாவின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா அவள் கையை விட்டாள்.

படகு வெலிங்டன் தீவைத் தாண்டி, கப்பல்களைத் தாண்டி, கடலுக்குள் நுழைந்தது. வழிகாட்டியாக வந்தவர் ஜிதின் சேட்டன். கடலுக்கு அடியில் நீந்துவதே அவர் தொழில். படகில் பேச்சு முழுக்க மலையாளத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்லிவிடலாம். சேட்டன் என்றால் அண்ணன், மோளே என்றால் மகளே; அந்த இரண்டை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

நீருக்குள் பார்க்க உதவும் கண்ணாடியை எப்படி மாட்டுவது, வாயில் கவ்வும் மூச்சுக்குழாயில் எப்படி மூச்சு விடுவது என்றெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தார். வாத்துக்கால் போன்ற ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குத் தத்தக்கா பித்தக்கா என்று நடந்து பார்த்தார்கள். மகாவின் வகுப்பில் படிக்கும் அனீஷ் குப்புற விழுந்து, யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துக்கொண்டான்.

அப்புறம் ஜிதின் சேட்டன் விதிகளைச் சொன்னார். மீனைத் தொடக் கூடாது. அதன் வழியை மறிக்கக் கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கடல்ல எதையும் போடக் கூடாது. கடலைத்தோல்கூடப் போடக் கூடாது. போட்டவங்க இன்னைக்குத் தண்ணியில இறங்க முடியாது. அழுதாலும் முடியாது."

மகாவின் கை பைக்குள் போய்ப் பொட்டலத்தைப் பற்றிக்கொண்டது.

சேட்டனிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? அம்மா தலையைத் தொட்டுச் செய்த சத்தியம் என்னாவது? போதாக்குறைக்கு அனீஷ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சும்மாவே கேலி செய்கிறவன், இதைக் கேட்டால் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடிப்பான். அதனால் அவள் கேட்கவில்லை.

கரை மறைந்து வெகுநேரம் கழித்து, படகோட்டி சுப்புராஜ் அண்ணன் எஞ்சினை அணைத்தார். அந்தப் பக்கத்தில்தான் மீனவர்கள் சுறாவைப் பார்த்திருந்தார்களாம். அப்போது இடது பக்கம் டால்பின் ஒன்று துள்ளியது. எல்லோரும் அங்கே ஓடினார்கள். மகா வலது பக்கம் ஓடினாள்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மூட்டை கட்டிப் பழகிய கை போட்ட முடிச்சு அது. நகத்துக்கும் மசியவில்லை, பல்லுக்கும் மசியவில்லை. யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு கண்ணை அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

"கடலம்மா, நீயே பிரிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு, கவரோடு நழுவவிட்டாள்.

மூழ்கிவிடும் என்று நினைத்தாள். உள்ளே காற்று இருந்ததால் அது ஒய்யாரமாக மிதந்துகொண்டே விலகிப் போனது. யாரும் பார்க்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றியாயிற்று என்று மகா ஒரு பெருமூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுப்புராஜ் அண்ணன் தூரத்தில் கை நீட்டினார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு துடுப்பு தெரிந்தது. திமிங்கலச் சுறா நிதானமாக, படகின் பக்கம் வந்துகொண்டிருந்தது.

முதலில் இறங்க வேண்டியவர்கள் மகா, அனீஷ், ரஜிதா. மூன்று பேரும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றார்கள். சுறா இப்போது இரை தின்கிறது, வாயை அகலத் திறந்து எதிரே வரும் தண்ணீரை அப்படியே உள்ளே இழுக்கிறது என்று ஜிதின் சேட்டன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வேண்டாதது ஏதாவது உள்ள போனா துப்பிடுமா சேட்டா?" என்று மகா கேட்டாள்.

"சில சமயம் இருமித் துப்பும் மோளே. ஆனா பிளாஸ்டிக் கவர் மாதிரி ஏதாவது உள்ள போய் ஒட்டிக்கிட்டா, அப்புறம் அதால ஒண்ணும் தின்ன முடியாது. செத்தே போயிடலாம்."

மகா கண்ணால் கடலைத் துழாவினாள். சுறா வரும் வழியில், வெள்ளை வெள்ளையாக மிதந்த ஜெல்லி மீன்களுக்கு நடுவில் அவள் கவரும் மிதந்தது.

"சேட்டா, அங்க ஒரு கவர் கெடக்கு" என்றாள்.

அது ஜெல்லி மீன், கவர் இல்லை என்றான் அனீஷ். ஜிதின் சேட்டனும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இந்த மாதம் ஜெல்லி மீன் நிறைய வரும், பயப்படாமல் இறங்கு என்றார்.

இனி வாயை மூடிக்கொண்டால் போதும். கவரைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஏணியில் கால் வைத்தால் கடல். இத்தனை நாளாகக் கனவில் வந்த மீன் அங்கே இருக்கிறது. மகாவுக்கு இறங்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அழுகையே வந்துவிட்டது.

"அது ஜெல்லி மீன் இல்ல சேட்டா. என் கவர். நான்தான் போட்டேன்."

சுமா டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். ஜிதின் சேட்டன் திட்டவும் இல்லை, ஏன் போட்டாய் என்று கேட்கவும் இல்லை.

"அத்தனை வெள்ளையில உன் கவர் எதுன்னு இப்பவும் தெரியுதா?"

"தெரியுது. ஜெல்லி மீன் எல்லாம் விரிஞ்சு சுருங்குது. அது சுருங்கல. முடிச்சு ரெண்டு காது மாதிரி நிக்குது."

எஞ்சினை ஓட்டினால் தண்ணீருக்குள் சுழலும் அதன் விசிறி மீனை வெட்டிவிடும். நீந்திப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அலை மறைத்துவிடும், கவர் கண்ணில் படாது.

"நீ மேல ஏறிக் கை காட்டு மோளே. உன் கை நீளுற பக்கம் நான் போறேன். யார் என்ன சொன்னாலும் கண்ணை மட்டும் எடுத்துடாத. ஒரு தடவை விட்டா அப்புறம் கெடைக்காது."

மகா ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் கூரையில் ஏறினாள். சுப்புராஜ் அண்ணன் அவளுடைய லைஃப் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் கை நீட்ட, ஜிதின் சேட்டன் பாய்ந்து நீந்தினார். கவர் அலையில் நகர நகர அவள் கையும் நகர்ந்தது. அவர் நடு நடுவே தலையைத் தூக்கி அவள் கையைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதா அந்த மீன் திரும்ப வேண்டும்? வழியை மாற்றிக்கொண்டு நேராகப் படகுக்கு அடியில் வந்தது. கீழே ஒரே கூச்சல். "மகா, கீழ பாரு, உன் காலுக்குக் கீழதான் போகுது" என்று ரஜிதா கத்தினாள். சுமா டீச்சர்கூட வாய்விட்டு ஏதோ சொன்னார்.

மகா பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்து பார்வையை மறைத்தபோது தோளில் முகத்தை இடித்துத் துடைத்துக்கொண்டாளே தவிர, அந்த இரண்டு வெள்ளைக் காதுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தூரத்தில் ஜிதின் சேட்டனின் கை உயர்ந்தது. கையில் பொட்டலம் இருந்தது. அதற்குப் பிறகுதான் மகா கீழே குனிந்து பார்த்தாள். அங்கே பச்சைத் தண்ணீர் மட்டும் இருந்தது.

படகில் ஏறிய ஜிதின் சேட்டன் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். விதி விதிதான் மோளே என்றார். தெரியும் சேட்டா என்றாள் மகா. பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை எல்லோருக்கும் சொன்னாள். அனீஷ் சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அவன் மாமா மீன் பிடிக்கப் போகிறவராம். புதுப் படகை இறக்கும்போது அவர்கள் வீட்டிலும் தேங்காய் உடைப்பார்களாம். "ஆனா தேங்காயைக் கவர்ல கட்டிப் போட மாட்டோம்" என்றான். அழுத முகத்தோடு மகா சிரித்துவிட்டாள்.

நல்லவேளை, இரை நிறைய இருந்ததால் சுறா அங்கேயே வட்டமடித்தது. மற்றவர்கள் முறை வைத்து இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு எந்தப் பக்கம் நீந்துவது என்று தெரியவில்லை. ஜிதின் சேட்டன் தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தார். "கை காட்டுற ஆள் எங்க?"

மகா மறுபடியும் கூரையில் ஏறினாள். உச்சி வெயில் நேராகக் கடலுக்குள் இறங்கியிருந்தது. அங்கே அது இருந்தது. அகலமான தலை, கறுத்த முதுகு நெடுகக் கோலப் புள்ளிகள், ஆடி ஆடி வரும் வால். வாய்க்கு முன்னால் குட்டி மீன்கள் துணைக்குப் போய்க்கொண்டிருந்தன. அது வாயைத் திறந்தது. தண்ணீர் மட்டும்தான் உள்ளே போனது. கை காட்டிக்கொண்டே மகா அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

திரும்பும் வழியில் ஒரே சண்டை. தண்ணீர் கலங்கலாக இருந்ததால் அனீஷ் வாலை மட்டும்தான் பார்த்திருந்தான். ரஜிதா பார்த்தது புள்ளி வைத்த ஒரு சுவர். வாய் எங்கே இருந்தது, கண் எங்கே இருந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் மகாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தலை முதல் வால் வரை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே. வல்லார்பாடம் கண்ணில் படும் வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது ஜிதின் சேட்டன், அடுத்த மாதப் பயணத்துக்கும் கை காட்ட ஆள் வேண்டும், விதியை மறக்காதவளாக இருந்தால் தண்ணீரிலும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலிலேயே நின்றிருந்த அம்மா, மகளின் தலையைத் தடவிப் பார்த்தாள். முடி காய்ந்திருந்தது. "எறங்கலியா?" என்றாள்.

மகா பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் செய்து கடலில் போட்டது திரும்பி வந்துவிட்டதே, அம்மா என்ன சொல்வாளோ என்று பயமாகத்தான் இருந்தது.

பேச்சியம்மாள் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்க அவளுக்கே வெகுநேரம் பிடித்தது. கவரை எடுத்து விரித்து, அதற்குள் கையை விட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாயில்லாச் சீவன், தெரியாமத் தின்னுருக்குமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அப்பா வந்து, கதையை இரண்டாம் முறை கேட்டு, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி, அடுத்த தடவை வாழையெலையில பொதிஞ்சு தாறேன். அந்தச் சேட்டன் அதுக்குச் சம்மதிப்பாரான்னு கேட்டு வையி."

வாழை இலைக்கு ஜிதின் சேட்டன் சம்மதிப்பாரா மாட்டாரா என்று மகாவுக்குத் தெரியாது. ஆனால் அம்மா 'அடுத்த தடவை' என்று சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.