காட்டுக்குக் கொடுத்த மூச்சு

திரையில் ஒரு மரத்தை வெட்டினான். பக்கத்து அறையில் மகளின் சளிக் குறட்டை சட்டென்று நின்றது.

தற்செயல்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் பட்டப்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. கம்ப்யூட்டரின் சூட்டு வாடையும் பிள்ளையின் நெஞ்சில் தேய்த்த தைல வாசனையும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைக்க, ஸ்பீக்கரில் காட்டுக் காற்று மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காற்று மகள் வாண்டுவின் மூச்சு. காட்டை அழிக்காமல் ஊர் கட்டுகிற விளையாட்டு அது, அதற்கு ஒலி சேர்த்தவன் அவன். நல்ல காற்றுக்காக எங்கெங்கோ அலைந்து ஒன்றும் சரிவராமல், கடைசியில் தூங்கும் மகளின் மூச்சைப் பதிந்து இழுத்து நீட்டிவிட்டான். மரம் நட்டால் காற்று கூடும், வெட்டினால் குறையும். இத்தனை நாள் நாலு பேர் மட்டும் சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்று காலைதான் முழுசாக வெளியானது.

ஒரு கன்றை நட்டான். குறட்டை வந்தது. வெட்டினான். நின்றது. அவசரமாக மறுபடி நட்டான்.

போன் அடித்தது. கூடச் சேர்ந்து விளையாட்டைச் செய்த கூட்டாளி.

"மச்சான், பிச்சுக்கிட்டுப் போகுதுடா. ஆனா ஒரு கூத்து. ஊர் கட்டறவன் ஒருத்தனும் இல்ல. யார் முதல்ல காட்டை மொட்டையடிக்கறதுன்னு போட்டி போட்டு வெட்டறானுங்க."

"விளையாட்டை எடுத்துடுடா."

"கிறுக்கா உனக்கு? வித்தாச்சு. இனி அது அவனவன் வீட்ல இருக்கு."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, இவ மூச்சு விடமாட்டேங்கறா."

அவன் நட்டான். உள்ளே ஒரு விக்கல், ஒரு மூச்சு. அடுத்தது வரவில்லை. நட்டான். வந்தது. ஒரு கன்றுக்கு ஒரு மூச்சு.

ஊரெல்லாம் வெட்டிக்கொண்டிருக்க, நடுவது அவன் ஒருவன்தான்.

மனைவி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "பிள்ளை துடிக்குது, விளையாடிக்கிட்டு இருக்கீங்களே. நீங்கல்லாம் மனுஷனா?"

"கையை எடுத்தா போச்சும்மா. இங்கயே நில்லு. பாரு."

நட்டான். மகளின் நெஞ்சு எழும்பியது. நட்டான். எழும்பியது. மனைவி திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளை மடியில் கிடத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை. விரல் மரத்துப்போனது. கன்றுகளால் கரை நிறைந்தது. மேடு நிறைந்தது. குளத்தோரம் நிறைந்தது.

திரையில் ஒரு வரி வந்தது. நட இடமில்லை.

புது நிலம் திறக்க இந்தக் காட்டை மூட வேண்டும். மூடினால்? நினைக்கவே முடியவில்லை. இங்கேயே இடம் வேண்டும். ஒரே ஓர் இடம்.

கோடாலியை எடுத்தான். வெட்டினான். வாண்டுவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. விரல் நுனிகள் நீலமாயின. அதே குழியில் கன்றை வைத்தான். ஒரு மூச்சு. ஒன்றே ஒன்று.

மழை. மழை மட்டும்.

"அடுத்ததை வெட்டுங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

அவன் கோடாலியை நகர்த்தினான். வாண்டு கண்ணைத் திறந்தாள். பேச மூச்சில்லை. அப்பாவையே பார்த்தபடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.