பாலக்கரைச் சந்தில் தெரிந்த சூடு

கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தெர்மல் கேமரா காட்டாது. விரிசல் வழியே கசிகிற சூட்டைத்தான் காட்டும். மீட்புப் படையில் ஒன்பது வருடமாக இருக்கும் சுபஸ்ரீக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும், விடாத மழையில் பாலக்கரைச் சந்தில் முந்தின நாள் இடிந்து விழுந்த அந்த மாடிவீட்டின் மேல் அவள் கேமராவைப் பிடித்தபோது, குளிர்ந்து நீலமாய்க் கிடந்த திரைக்குள் முழு ஆளாகவே ஒருவர் தெரிந்தார், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அடுப்புத் தணல்போல.

உள்ளே சிக்கியிருப்பவர் பரக்கத் அலி ஒருவர்தான். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் அவர் மனைவி ஆரிஃபா நனைந்தபடி நின்றிருந்தாள்.

“இருக்காராம்மா?”

“சூடு தெரியுதுக்கா. உயிரோடதான் இருக்கார்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஆரிஃபா அழுதாள்.

ஊறிய சுண்ணாம்பு வாடையும் ஜெனரேட்டர் புகையும் சந்தை அடைத்துக்கொண்டு நிற்க, சுபஸ்ரீ விரிசலில் வாயை வைத்து, “பாய், கேக்குதா? கேட்டா மூணு தடவை…” என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளிருந்து மூன்று தட்டு. திரையில் அந்தத் தலை நிமிர்ந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். தலையும் அவள் பக்கமே திரும்பியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் அறுத்துக் கான்கிரீட் பாளத்தைத் தூக்கினார்கள். முதலில் உள்ளே இறங்கிய படைவீரர் ராசப்பன் துளை வழியே தலையை நீட்டினார்.

“மேடம்… உடம்பு விறைச்சுப் போச்சு. நேத்தே போயிட்டார்.”

“ரெண்டு மணி நேரம் முன்னாடி தட்டினாரேண்ணே?”

“கழுத்து வரைக்கும் மண்ணு மேடம். கையே வெளிய இல்ல.”

துளைக்குள் கேமராவைத் திருப்பினாள். பரக்கத் அலி நீலம். நனைந்த செங்கல்லைப்போல் நீலம். அவருக்குப் பக்கத்தில், ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடம் மட்டும் சூட்டில் மஞ்சள்.

துளையின் விளிம்பில் ஒரு கைத்தடம். ஐந்து விரல். சூடாக. பார்க்கப் பார்க்க மங்கியது. அடுத்தது, சாய்ந்த தூணில். அதுவும் மங்கியது. அடுத்தது கயிற்றில்.

கயிற்றுக்கு அப்பால் ஆரிஃபா. இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

திரையில், அவள் தோளில் ஐந்து விரல்.

சுபஸ்ரீ காத்திருந்தாள்.

மங்கவில்லை.

விரல்கள் மெல்ல இறுகின.